முப்பதுக்குக் கீழே கிடையாது

சாலையோரப் பனிக் குவியல்கள் கறுத்துக் கரைந்துகொண்டிருந்த ஏப்ரல் மாதத்தில் ஐலி மதினி என் வீட்டு நிலவறைப் படிகளில் இறங்கி வந்தாள். என் மனைவி சைமாவின் அக்கா. கவுன்டி நிர்வாகத்தின் பனி வாரும் லாரியை இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவள். குரலும் லாரி ஓட்டுகிற குரல்தான்.

நிலவறையில்தான் நான் தோட்டா செய்வேன். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைத் துடைத்து, அச்சில் அமுக்கி, புதிதாக வெடிமருந்து போட்டு, குண்டு வைத்து மூடுவது என் குளிர்கால வேலை. மதினி அந்த மேஜையைக் கிண்டல் செய்வதற்காக மட்டும்தான் எட்டிப் பார்ப்பாள். "என்ன மாப்ள, அணிலுக்கு மருந்து இடிக்கிறீங்களா" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். என் துப்பாக்கி இருபத்தைந்து. அதாவது கால் அங்குல வாயுள்ள குழல். அவளுடையது முப்பது, அதிலும் கூடுதல் மருந்து ஏற்றும் மாக்னம். சுட்டால் பக்கத்து மரத்துப் பனி உதிரும்.

அன்றைக்குக் கிண்டல் இல்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க அணில் துப்பாக்கியக் கொஞ்சம் தூக்கிப் பாக்கலாமா?"

எனக்கு விஷயம் தெரியும். பிப்ரவரியில் அவள் வலது கண்ணுக்குள் விழித்திரை கழன்று, மார்க்வெட் ஆஸ்பத்திரியில் ஒட்டவைத்திருந்தார்கள். ஒட்டினாலும் அந்தக் கண்ணில் நேர்கோடு வளைந்துதான் தெரிந்தது. பெரிய துப்பாக்கியின் உதை தலையைக் குலுக்கும், திரை மறுபடி கழன்றால் பொறுப்பேற்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"வேட்டைய விட்டுருங்கன்னான். மூச்ச விடுறதப் பத்தி என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டேன். சிரிக்கத் தெரியாத பையன்."

"சின்னத் துப்பாக்கின்னா?"

"கூடாதுன்னும் சொல்ல மாட்டேன், கூடும்னும் சொல்ல மாட்டேன்னான். எனக்கு அது போதும்." என் துப்பாக்கியை எடுத்து இடது தோளில் வைத்து, வலது கண்ணை மூடி இடது கண்ணால் குறி பார்த்தாள். "இந்தப் பக்கமாத்தான் இனிமே. கத்துக்குடுங்க."

கத்துக்கொடுப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொரு சிக்கல் இருந்தது. அதை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

காட்டு ஓடைக்கு அந்தப் பக்கம் அக்கா தங்கை இருவரின் பெரியப்பா கட்டிய மரவீடுதான் எங்கள் வேட்டை முகாம். நவம்பர் பதினைந்தாம் தேதி மான் வேட்டைக் காலம் தொடங்கும். முந்தின நாளே போய் அடுப்பு மூட்டி, சவுனா என்கிற நீராவி அறையில் வியர்த்து, சீட்டாடிப் படுப்போம். பல வருஷம் முன்பு யாரோ ஒரு விருந்தாளி நரி சுடுகிற குட்டித் துப்பாக்கியோடு வந்து ஒரு மானைக் காயப்படுத்திவிட்டுத் தொலைத்துவிட்டான். ரத்தத் தடம் பிடித்து இரண்டு நாள் நடந்தோம். நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் நரிகள் கண்டுபிடித்திருந்தன. அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் கரண்டியால் தட்டி ஒருத்தி சொன்னாள்: "இனிமே இந்த முகாம்ல முப்பதுக்குக் கீழே கிடையாது." மேஜையைச் சுற்றிக் கைகள் உயர்ந்தன. சொன்னவள் ஐலி மதினி.

அன்றிலிருந்து என் இருபத்தைந்து வீட்டோடு கிடந்தது. முகாமுக்கு நான் என் அப்பாவின் பழைய முப்பதைத் தூக்கிக்கொண்டு போனேன். மந்தமான குண்டு, தாழ்ந்த வேகம். கொஞ்ச தூரம் போனால் என் இருபத்தைந்துக்கு அது உறை போடக் காணாது. ஆனால் வாய் அகலம். சட்டம் வாயைத்தான் பார்த்தது.

ஆகவே நான் ஒரு யோசனை சொன்னேன்.

"முப்பதுலயே பாதி மருந்து போட்டு, லேசான குண்டு வச்சுத் தர்றேன் மதினி. உதை இருக்காது. பாக்கிறவனுக்கு அது முப்பதுதான். முகாம்ல உங்க அண்ணன் ரெய்னோ தோட்டாவ உடைச்சா பாக்கப் போறார்?"

அவள் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தாள்.

"எது நல்லா சுடும்? பாதி மருந்து முப்பதா, முழு மருந்து இருபத்தஞ்சா?"

"இருபத்தஞ்சு. அதுல சந்தேகமே இல்ல."

"அப்ப எதுக்கு நான் திருட்டு முப்பதத் தூக்கிட்டு அலையணும்? சட்டம் தப்புன்னா தப்புன்னு சொல்லிட்டுத்தான் போவேன்."

"சட்டம் போட்டது நீங்க."

"தெரியும். நீங்க ஒருத்தர் மட்டும் கை தூக்கலன்னும் தெரியும்."

அவள் அதைக் கவனித்திருப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை.

அந்த வசந்தம் முழுக்க நிலவறை எங்களுடையதாயிற்று. நான் போட்ட முதல் நிபந்தனை, மருந்து நிறுக்கும்போது பேச்சு கூடாது. ஒரே கூட்டில் இரண்டு தரம் மருந்து விழுந்தால் குழல் வெடித்து முகத்தில் வரும். மதினியால் ஒரு தட்டு நிறுக்கும் நேரம்கூட வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. அவள் பேசியபோதெல்லாம் நான் மொத்த மருந்தையும் டப்பாவில் திருப்பிக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று தரம் கொட்டிய பிறகு சைமாவின் பின்னல் ஊசி ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அது உதவியது.

குண்டு தேர்வதில்தான் சண்டை வந்தது. லேசான குண்டு குறி வரைந்த தாளில் அழகாகக் குத்தும். சுட்ட மூன்றும் ஒரு தம்ளர் வாயளவு வட்டத்துக்குள் விழுந்தன. இதுவே போதும் என்றாள். நான் பழைய டெலிபோன் புத்தகங்களை ஊறவைத்துக் கட்டி, அதில் சுடச் சொன்னேன். கிழித்துப் பார்த்தால் குண்டு இல்லை, தூள்தான் இருந்தது. கனமான குண்டு தாளில் அவ்வளவு ஒழுங்காகக் குத்தவில்லை. ஆனால் ஊறிய புத்தகக் கட்டைத் துளைத்து, நுனி காளான்போல் விரிந்து, முழுசாகப் பின்பக்கத்துப் பலகையில் தங்கியிருந்தது.

"தாளச் சுட்டா லேசு. மானச் சுட்டா கனம்," என்றேன்.

அவள் விரிந்த குண்டை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். "அப்ப இதையே வைங்க. மெதுவா மருந்து ஏத்திட்டே போவோம். குத்தறது எங்க ஒண்ணா கூடி வருதோ அங்க நிறுத்துவோம்."

ஜூனில் கூடி வந்தது. ஆனால் அவள் இடது தோளில் வைத்துச் சுடும்போது மட்டும் குண்டு கீழே இறங்கியது. நான் வைத்தால் இறங்கவில்லை. எனக்குக் காரணம் தெரிந்தது. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு நாள் மருந்தும் பொறி தட்டும் கேப்பும் இல்லாத பொய்த் தோட்டா இரண்டு செய்து, நல்ல தோட்டாக்களோடு கலந்து, ஒவ்வொன்றாக நானே போட்டுக் கொடுத்தேன். முதல் இரண்டு வெடித்தன. மூன்றாவது பொய். விசை 'டிக்' என்றது. சத்தமே இல்லை. ஆனால் யாரோ மேலேயிருந்து அறைந்ததுபோல் குழல் முனை சாணளவு குனிந்தது.

மதினி தலையை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

"வெடிக்கல."

"பொய்த் தோட்டா, மதினி."

"அதக் கேக்கல. குழல் ஏன் குனிஞ்சுது?"

நான் துப்பாக்கியை வாங்கிப் பொய்த் தோட்டாவை வெளியே எடுத்தேன்.

"பயமா?"

"மனசு பயப்படல. உடம்பு பயப்படுது. அந்த மாக்னம் இத்தன வருஷமா அடிச்ச அடி அது. அடுத்த அடி வர்றதுக்கு முன்னாலயே உடம்பு குனிஞ்சுக்குது."

"அப்ப அதுல சுட்டப்பவும் இப்படித்தான் குனிஞ்சிருக்கேன்."

"சுட்டதெல்லாம் விழுந்துச்சே."

"எல்லாம் விழல," என்றாள். "விழாததெல்லாம் காத்து மேலயும் கிளை மேலயும் போட்டுட்டேன். நீங்க அப்பவே பாத்திருப்பீங்க. ஏன் சொல்லல?"

"சொன்னா என் மண்டைல கரண்டி விழுந்திருக்கும்."

"விழுந்திருக்கும்," என்று ஒத்துக்கொண்டாள். "இன்னொரு பொய்த் தோட்டா போடுங்க. எப்பன்னு சொல்லாதீங்க."

கோடை முழுக்க அதைத்தான் செய்தோம். செப்டம்பர் கடைசியில், நல்ல தோட்டாவோ பொய்யோ, குழல் அசையவில்லை. நூறு கஜத்தில் மாட்டிய சாப்பாட்டுத் தட்டை நம்பி அடிக்க முடிந்தது. நூற்றைம்பதில் அடிக்க முடிந்தது. அதற்கு மேல் பத்தில் இரண்டு தப்பின. "அப்ப நூத்தம்பது," என்றாள். "அதுக்கு மேல எனக்கு மான் கிடையாது."

நவம்பர் பதினான்காம் தேதி சாயங்காலம் முகாமுக்குப் போனோம். ரெய்னோ மச்சான் அடுப்பருகே உட்கார்ந்து பூட்ஸுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். மதினியின் பெரியப்பா மகன். நிலம் அவர் பேரில். மரம் வெட்டியே வாழ்ந்த மனிதர், கை ஒவ்வொன்றும் மண்வெட்டி. அவருடைய இரண்டு பையன்களும் இருந்தார்கள். பெரியவன் டேல், சின்னவன் வெர்ன்.

மதினி உறையைப் பிரித்து இருபத்தைந்தை மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் ஒரு தோட்டாவை நிறுத்தினாள்.

"அண்ணே, இதத்தான் நாளைக்குக் கொண்டுபோகப் போறேன்."

ரெய்னோ தோட்டாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மாப்ள துப்பாக்கி மாதிரி இருக்கு."

"அவரோடதுதான்."

"கண்ணு சரியில்லன்னு கேள்விப்பட்டேன். இந்த வருஷம் அடுப்பப் பாத்துக்கயேன். ஒனக்கும் ரெஸ்ட்டா இருக்கும்."

"அடுப்புக்கு எத்தனை காலிபர் குழல் வேணும்ணே?"

டேல் சிரித்துவிட்டு, அப்பா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"சட்டம் ஒன்னோடதும்மா," என்றார் ரெய்னோ. கோபமில்லாமல்தான் சொன்னார். "முப்பதுக்குக் கீழே கிடையாதுன்னு இதே மேஜைல தட்டினது நீ."

"நான்தான். தப்பாத் தட்டிட்டேன். அந்த மான் தொலைஞ்சது குழல் சின்னதுங்கிறதால மட்டும் இல்ல. சுட்டவனுக்குச் சுடத் தெரியல. அதச் சொல்லாம ஒரு நம்பரச் சொல்லிட்டேன். நம்பர் சொல்றது சுலபம். இப்ப அத எடுத்துரலாம்னு சொல்றேன்."

"ஒனக்குத் தேவைப்படறப்ப எடுக்கணும், இல்லியா?"

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது.

"ஆமா," என்றாள். "எனக்குத் தேவைப்பட்டப்பத்தான் புத்தி வந்துச்சு. வந்த புத்திய என்ன பண்ணச் சொல்றீங்க?"

"போட்டது நீ. ஆனா கை தூக்கினது நாங்க. கை தூக்கித்தான் எடுக்கணும்."

கை தூக்கினோம். எடுக்கச் சொல்லி மதினியும் நானும் இரண்டு. வேண்டாமென்று ரெய்னோவும் பையன்களும் மூன்று. டேல் கையைத் தோளுக்கு மேல் தூக்கவில்லை. தூக்கினான் என்று எண்ணிக்கொள்ளும் அளவுக்குத்தான் தூக்கினான்.

அவள் கெஞ்சவில்லை, கத்தவுமில்லை. துப்பாக்கியை உறையில் போட்டாள். படுக்கையைச் சுருட்டினாள். பிறகு அடுப்பு மேலிருந்த நீலக் காபிப் பாத்திரத்தை எடுத்து, மிச்சக் காபியை ரெய்னோவின் கோப்பையில் ஊற்றிவிட்டு, அதையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"அது முகாம் பாத்திரம்," என்றான் வெர்ன்.

"என் கல்யாணத்துக்கு வந்தது. கல்யாணம் போயிருச்சு, பாத்திரம் இருக்கு."

ஓடைக்கு இந்தப் பக்கம் அரசாங்கக் காடு. யார் வேண்டுமானாலும் சுடலாம். மதினி தன் வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள். நான் பின்னாலேயே என் வண்டியை நிறுத்தியதும் கண்ணாடியை இறக்கினாள்.

"உங்கள யார் கூப்பிட்டா?"

"அங்க காபி இல்லயே மதினி."

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் காலை பீவர் விலங்குகள் அணை கட்டித் தண்ணீர் தேக்கிய புல்வெளி ஓரத்தில், விழுந்த ஒரு மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். ஒன்பது மணி வாக்கில் புல்வெளியின் அந்தக் கரையில் ஆண்மான் ஒன்று வெளியே வந்தது. மூன்று வருஷமாக முகாமில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த மான் அது. நாற்காலி அகலக் கொம்பு. தலையைத் தூக்கி, பக்கவாட்டில் நின்று, எங்களுக்காக வரைந்து வைத்த படம்போல் நின்றது.

இருநூற்றைம்பது கஜம் இருக்கும்.

மதினி துப்பாக்கியைத் தூக்கினாள். குறி பார்க்கும் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவள் விரல் விசைமேல் போகவே இல்லை.

"மரத்துல சாத்தி வச்சுச் சுடலாம் மதினி," என்று கிசுகிசுத்தேன். "விழும்."

"பத்துல ரெண்டு விழாது."

"அது இருபத்தஞ்சு குத்தம் இல்ல. குண்டு அங்க போகும்."

"குண்டு போகும். நான் போக மாட்டேன்." துப்பாக்கியை மடியில் இறக்கினாள். "பாருங்க, எவ்வளவு நல்லா இருக்கு."

மான் ஓடையைத் தாண்டி முகாம் பக்கமாக நடந்துபோனது. கால்மணி நேரம் கழித்து ஒரே ஒரு வெடி கேட்டது. இரண்டாவது வெடி கேட்கவில்லை. ஒரே வெடி என்றால் என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

மத்தியானம் போய்ப் பார்த்தோம். அந்த மான் முகாம் வாசல் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ரெய்னோ சுத்தமாகச் சுட்டிருந்தார், முன்காலுக்குப் பின்னால், நெஞ்சில். மதினி ஓட்டையில் விரல் வைத்துப் பார்த்தாள்.

"நல்ல சூடுண்ணே. நின்ன இடத்துலயே விழுந்திருக்கும்."

"பத்தடி போச்சு." அவருக்கு உள்ளூர ஒரே சந்தோஷம், மறைக்கப் பார்த்தார். "ஒன் பக்கத்துலருந்துதானே வந்துச்சு?"

"ஆமா. பாத்தேன்."

"பழைய துப்பாக்கி இருந்திருந்தா இது ஒன்னோடது."

"இருக்கலாம். இல்ல, வயித்துல வாங்கிட்டு எங்கயாவது போய்ச் செத்திருக்கலாம்."

"வருத்தமா இல்லியா?"

"இருக்கு," என்றாள். "வருத்தம் இல்லாம எப்படி இருக்கும்? நேத்து ராத்திரி குளிருக்கும் வருத்தமாத்தான் இருந்துச்சு."

ரெய்னோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சவுனா சூடா இருக்கு. வந்து குளிச்சிட்டுப் போயேன். உள்ள படுத்துக்க. துப்பாக்கிய மட்டும் வண்டில வச்சிரு."

"துப்பாக்கி வெளிய, நான் உள்ளயா? ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தோம்ணே."

திரும்பும்போது ஓடைப் பாலத்தில் அவள் நின்று மூக்கைச் சிந்தினாள். நான் முன்னால் நடந்தேன்.

அடுத்த நாள் பனி விழுந்தது. நல்ல ஈரப் பனி, காலடிச் சத்தமே இல்லை. மதினி அதே மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பின்னால், தோளை ஒட்டி. ஒரு சின்ன ஆண்மான், இரட்டைக் கவை விட்ட கொம்போடு, கிளையை மென்றபடி எழுபது கஜத்தில் வந்து நின்றது. கொம்புக்காக யாரும் திரும்பிப் பார்க்காத மான். அவள் தூக்கினாள், மூச்சைப் பாதி விட்டாள், சுட்டாள். குழல் குனியவில்லை. மான் வளைந்து துள்ளி, முப்பதடி ஓடி, பனியில் மூக்கை வைத்து விழுந்தது.

வழக்கமாக மதினி சுட்டதும் கத்துவாள், ஓடுவாள். அன்று எழுந்திருக்கவில்லை. கண்ணாடியிலிருந்து தலையை எடுக்கவுமில்லை. கண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று அவள் தோளைத் தொட்டேன்.

"மதினி, கண்ணு?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு." என்றாள். "நான் அதப் பாத்தேன் மாப்ள. குண்டு பட்டதப் பாத்தேன். ரோமம் சிலிர்த்துச்சு. திரும்பி என்னப் பாத்துச்சு. எல்லாம் கண்ணாடிலயே."

"உதை குறைவு. அதான் பார்வை விலகல."

"பழசு சுட்டா வானந்தான் தெரியும். அப்புறம் பாத்தா மான் கிடக்கும், இல்ல ஓடியிருக்கும். நடுவுல நடந்தத இத்தன வருஷத்துல ஒரு தடவகூட நான் பாத்ததில்ல." துப்பாக்கியின் பிடியை இறுகப் பிடித்திருந்தாள். "இதப் பாக்காமயே எத்தனை கொன்னிருக்கேன்."

பிறகு எழுந்துபோய் மான் பக்கத்தில் மண்டியிட்டாள். ஒரு குண்டு ஒரு பக்கம் நுழைந்து, நுரையீரல் இரண்டையும் கடந்து, மறுபக்கம் வெளியேறியிருந்தது. கத்தியை எடுத்தாள். வயிற்றைத் திறந்தாள். அன்று மத்தியானம் வண்டிப் பின்பலகையில் சட்டி வைத்து ஈரலை வெங்காயத்தோடு வதக்கினோம். வாசனை ஓடையைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். டேல் வந்தான். தட்டை நீட்டி நின்றான். அவள் ஒன்றும் கேட்காமல் பரிமாறினாள்.

"உதை நெசமாவே இல்லியா அத்தை?" என்று கேட்டான்.

"சாப்பிட்டுட்டு ரெண்டு சுட்டுப் பாரு."

மார்ச் மாதம் ரெய்னோ போன் பண்ணினார். நான் அப்போது மதினி வீட்டில் இருந்தேன், அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்ததால் எனக்கும் கேட்டது. பேசி முடிவுபண்ணிவிட்டோம், சட்டத்தை இருபத்தைந்தாகக் குறைத்துவிட்டோம், நவம்பருக்கு வந்துவிடு என்றார்.

"இருபத்துநாலு வச்சிருக்கிறவன் என்ன பண்ணுவான்ணே?"

"யாரு வச்சிருக்கா இருபத்துநாலு?"

"நாளைக்கு யாராவது வச்சிருப்பான். நம்பரத் தூக்கிருங்க. நூறு கஜத்துல சாப்பாட்டுத் தட்டு ஒண்ண மாட்டுவோம். யாரு, என்ன துப்பாக்கின்னு கேக்க வேண்டாம். மூணு சூடு, மூணும் தட்டுல விழணும். விழுந்தா வேட்டைக்கு வரட்டும். இல்லன்னா அடுப்பப் பாத்துக்கட்டும்."

"எல்லாருமா?"

"நில உரிமையாளரும்தான்."

"ஐம்பது வருஷமா சுடறேன்மா நான்."

"அப்ப அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்."

அவர் வைத்துவிட்டார்.

கோடையில் மதினி எங்கிருந்தோ ஒரு பழைய டிரெய்லர் வீட்டை இழுத்து வந்து, ஓடைக்கு இந்தப் பக்கத்துக் காட்டை ஒட்டி, டேலின் மாமனாருக்குச் சொந்தமான அரை ஏக்கரில் நிறுத்தினாள். கூரை ஒழுகியது. நானும் சைமாவும் தார் பூசினோம். டேல் அடுப்பு பொருத்தினான். தன் மாக்னத்தை விற்றுவிட்டு வாங்கிய மிதமான துப்பாக்கிக்கு என் நிலவறையில் தோட்டா செய்துகொண்டிருந்தான். டிரெய்லருக்குப் பின்னால், மண்மேட்டின் முன், கம்பத்தில் ஒரு தகரத் தட்டைத் தொங்கவிட்டோம். முதல் ஆளாக நான் சுட வேண்டியிருந்தது. மூன்றும் அடித்தேன், ஆனால் மூன்றாவது விளிம்பில். மதினி நடந்துபோய் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெய்னோ வந்தார். தனியாக, நடந்து, தோளில் துப்பாக்கியோடு. யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேராகப் போய் நின்று மூன்று சூடு சுட்டார். தட்டு ஒரு தரம்தான் அடிபட்டது. மற்ற இரண்டும் கீழே மண்ணைக் கிளப்பின. அந்தக் கீழிறக்கம் எனக்குத் தெரிந்த இறக்கம். மதினிக்கும் தெரிந்தது.

"வெயில் கண்ணுல அடிக்குது," என்றார் ரெய்னோ.

"அடிக்குதுண்ணே. அடுத்த ஞாயிறு வாங்க. மேகமா இருக்கும்ங்கிறாங்க. மாப்ள ரெண்டு விதமான தோட்டா செஞ்சு வச்சிருப்பார்."

"ரெண்டு விதம் எதுக்கு?"

"வந்தா தெரியும்."

அவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாலத்தைத் தாண்டி நடந்தார். அடுத்த ஞாயிறு மேகமாகத்தான் இருந்தது. அவர் வரவில்லை. நவம்பர் பதினான்காம் தேதி சாயங்காலம் ஓடைக்கு இரண்டு பக்கமும் புகை எழும்பியது. அந்தப் பக்கம் ரெய்னோவும் வெர்னும். இந்தப் பக்கம் நாங்கள் நான்கு பேர். அதில் சைமா வேட்டைக்கே வராதவள், சீட்டுக்காக வந்தவள்.

"ஒரு வார்த்த போய்க் கூப்பிட்டா வந்துருவார்," என்றேன் மதினியிடம்.

அவள் தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டாச்சு. தட்டு கம்பத்துல தொங்குது," என்றாள். "சீட்டக் கலைங்க."